மிளாவுக்கு வைத்த உப்பு

மெல்பர்ன் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த பெண் அதிகாரி, புடவைகளுக்கு நடுவே கிடந்த துணிப்பையை இரண்டு விரலால் தூக்கினாள். வாய் தைத்த பை. மூன்று கிலோ இருக்கும்.

"இது என்ன?"

"சால்ட்."

"எதற்கு?"

"சிஸ்டருக்கு."

தையலைப் பிரித்து ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "எங்கள் நாட்டைச் சுற்றி நாலு பக்கமும் கடல்தான், உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். எனக்கு வந்த பதில் இங்கிலீஷில் வரவில்லை. "கடல் இருந்தா போதுமா தாயி, உப்பு விளைய வைக்கத் தெரியணும்லா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுச் சிரித்தேன். என்ன புரிந்ததோ, அவளும் சிரித்துவிட்டுப் பையை என்னிடமே தந்தாள். கறிவேப்பிலையை மட்டும் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். அதற்கு இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

எங்களுக்குத் தூத்துக்குடிப் பக்கம் உப்பளம். அப்பாவுக்குப் பிறகு முப்பது வருஷமாக நான்தான் பாத்திகளைப் பார்த்துக்கொள்கிறேன். மேல்பாத்தித் தண்ணீரை எப்போது கீழ்ப்பாத்திக்குத் திறந்துவிடலாம் என்பதை மீட்டர் வைத்தும் சொல்லலாம், நாக்கில் ஒரு சொட்டு வைத்தும் சொல்லலாம். நான் நாக்குக்காரி. தங்கச்சி ஸ்டெல்லாவுக்கு முழங்கால் ஆபரேஷன், ஆறு வாரம் சமைத்துப் போட ஆள் வேண்டும் என்றாள். பாத்தியைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

ஸ்டெல்லாவின் வீடு மெல்பர்ன் ஓரத்தில், பாயிண்ட் குக் என்கிற இடத்தில். வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். காலையில் நடக்கப் போய்விட்டுத் திரும்பும்போது எது நம் வீடு என்று குப்பைத் தொட்டியின் மேல் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்துத்தான் நுழைவேன். மூன்றாம் நாள் தனியாக ரயிலேறிப் பட்டணத்துக்குப் போனேன். போனது சரி. வரும்போது அசந்து தூங்கி, இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டு, கடைசியில் வெரிபீயில் ஒரு பெண் தோளைத் தட்டி எழுப்பினாள். மலேசியத் தமிழ்ப்பெண். "ஆன்ட்டி, இதுக்கு மேல டிரெயின் போகாது, இறங்குங்க லா" என்றாள். எதிர்ப் பிளாட்பாரத்துக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, வண்டி வரும்வரை கூடவே நின்றாள். நம்மூரில் இப்படி நிற்பார்களா என்று யோசித்தேன். நிற்பார்கள், ஆனால் சம்பளம் எவ்வளவு என்று கேட்டிருப்பார்கள்.

ஸ்டெல்லாவின் வீட்டுக்காரர் கனகன். இலங்கையில் வன்னிப் பக்கத்துக்காரர். படகில் இந்த நாட்டுக்கு வந்து, வருஷக்கணக்காகத் தற்காலிக விசாவில் தொங்கி, இப்போது பஸ் ஓட்டுகிறார். அதிர்ந்து பேசாத மனுஷன். ஆனால் வியாழக்கிழமை மாலை கார் ஷெட்டில் அவரைப் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. ஒரு பெரிய தொட்டியில் உப்பைக் கொட்டி, ஏதோ வெள்ளைப் பொடியைத் தூவி, கறுப்பாக ஒரு பாகை ஊற்றி, முழங்கைவரை விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார்.

"என்ன தம்பி, ஊறுகாயா?"

"இல்லை அக்கா. இது மரைக்கு."

அவர்கள் மரை என்பதைத்தான் நாங்கள் மிளா என்போம். மாடு உயரத்துக்கு நிற்கிற பெரிய மான். களக்காட்டு மலையில் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் ஏது மிளா என்று கேட்டேன்.

"வெள்ளைக்காரன் அந்தக் காலத்தில சிலோனில இருந்தும் இந்தியாவில இருந்தும் கப்பலில கொண்டுவந்து விட்டவன். இப்ப மலை முழுக்க அதுதான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவையளும் எங்கட பக்கத்தால கடல் தாண்டி வந்தவைதான். ஆனா அவையிட்ட ஒருத்தரும் விசா கேக்கேல்லை" என்று சேர்த்தார்.

தொட்டியில் இருந்தது மாட்டுக்குப் போடுகிற உப்பு. வெள்ளைப் பொடி, எலும்புக்குச் சத்து. கறுப்புப் பாகு, கரும்பாலைக் கழிவு, வாசனைக்காக. வசந்த காலத்தில் புல் தண்ணீராக இருக்குமாம். அதைத் தின்கிற மானுக்கு உடம்பில் உப்புப் போதாமல் போய், உப்பைத் தேடி அலையுமாம். மான் நடக்கிற தடத்துக்குப் பக்கத்தில், களிமண்ணாகப் பார்த்து, ஒரு மக்கிய மரக்கட்டையின் மேல் இதை வைத்தால் மழையில் கரைந்து கட்டைக்குள் இறங்கும். மான் வந்து கட்டையையே நக்கும், கடிக்கும். வைத்த அன்றே வராது, மாசக்கணக்காகும். ஒரு தடவை ருசி கண்டுவிட்டால் அப்புறம் தாய் குட்டிக்குக் காட்டிக் கொடுக்கும். கனகன் மூன்று வருஷமாக ஒரே இடத்தில் உப்பு வைக்கிறார்.

ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். "உப்பு மட்டம். பாகு ஜாஸ்தி" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் முதல்முறையாக மரியாதை தெரிந்தது.

"இந்த மனுஷனுக்கு ஞாயித்துக்கிழமைப் பூசையைவிட மான்தான் பெருசு" என்று உள்ளேயிருந்து ஸ்டெல்லா கத்தினாள். "இந்த வாரம் மட்டும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். போயிட்டு வரட்டும், பாவம்."

ஏன் பாவம் என்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கனகன் உப்பு வைக்கிற நிலம் மார்கரெட் என்கிற ஒரு வயசான அம்மாவுடையது. மலையடிவாரத்தில் தனியாக மாடு வளர்க்கிறாள், புதிதாக வால்நட் கன்று நட்டிருக்கிறாள். அந்தக் கன்றுகளில் கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரித்து முறித்துப்போடுகிறது ஒரு கிழட்டு மிளா. மார்கரெட் கெடு வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அது விழ வேண்டும். இல்லையென்றால் ஒப்பந்தத்துக்குச் சுடுகிற ஆட்களை அழைத்துக்கொள்வாள். அவர்கள் வந்தால் வேறு எவனுக்கும் உள்ளே இடமில்லை. கனகன் உப்பையும் எடுத்துக்கொண்டு, அவள் தந்திருக்கிற கேட் சாவியையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

"உப்பு வச்சதனாலதான் மானே வருதுன்னு வேற அந்தம்மா சொல்லுதாளாம்க்கா" என்றாள் ஸ்டெல்லா. "இவரு அதைக் கேட்டுட்டு வந்து ரெண்டு நாளு சோறு திங்கலை."

வெள்ளிக்கிழமை நானும் புறப்பட்டேன். ஸ்டெல்லாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்துவிட்டார். எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால் ஒன்றுமில்லை. உப்பு வைத்து மிளாவைக் கூப்பிடுகிற கதையைக் கேட்டபிறகு ஒரு உப்பளக்காரியால் வீட்டில் உட்கார முடியுமா? கொண்டுவந்த கல்லுப்பில் பாதியை ஒரு டப்பாவில் போட்டுக் கையோடு எடுத்துக்கொண்டேன்.

மேற்கு வாசல் பாலத்தில் ஏறி நகரத்தைத் தாண்டவே ஒன்றரை மணி நேரம். ஒருவன் ஹார்ன் அடிக்கவில்லை. தூத்துக்குடி பைபாஸில் இத்தனை வண்டி நின்றால் இந்நேரம் ரெண்டு சண்டை முடிந்திருக்கும். வழியில் ஒரு ரொட்டிக் கடையில் இறைச்சி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டம், 'பை' என்கிறார்கள், வாங்கிக் கொடுத்தார். அவசரப்பட்டுக் கடித்து மேல் வாயைச் சுட்டுக்கொண்டேன். "முதல்ல ஊதோணும் அக்கா" என்றார் கனகன், நான் வெந்து முடித்த பிறகு.

மலைப்பாதை தொடங்கியது, வளைவுக்கு மேல் வளைவு. ஸ்டெல்லா கொடுத்துவிட்ட பச்சைத் தைலத்தை நெற்றியில் தேய்த்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி நின்றபோது இரும்பு கேட். சங்கிலி, பூட்டு. கனகன் இறங்கித் தன் சாவிக்கொத்தில் இருந்தே ஒன்றை எடுத்துத் திறந்தார். வண்டியை உள்ளே விட்டு, மறுபடி இறங்கிப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒன்பது வருசம் அக்கா. நான் அப்ப இன்னும் பேப்பர் ஒழுங்கா இல்லாத ஆள். வேலி கட்டுற வேலைக்கு ஒருத்தன் கூட்டிக்கொண்டு வந்தவன். பின்னேரம் போகேக்க இவ இந்தச் சாவியைத் தந்து, அடுத்த கிழமை நீயே திறந்துகொண்டு வா எண்டு சொன்னவ. இந்த நாட்டில என்னை நம்பித் தந்த முதல் சாவி இது."

அந்த மிளா எங்கே இருந்தாலும் சரி, ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து தொலையட்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன்.

மார்கரெட் குச்சியாக, நெட்டையாக, ஆண்பிள்ளைச் சட்டையில் நின்றாள். எண்பதை நெருங்கிய வயசு. கையைக் குலுக்கியதில் என் மோதிரம் விரலில் பதிந்தது. தேங்காய்ப்பூ புரட்டிய சாக்லேட் கேக் துண்டுகளும் கட்டன் டீயும் வைத்தாள். கேக் பிரமாதம். பேச்சு அப்படி இல்லை.

"இன்று காலையில் இன்னும் நாலு கன்று போச்சு, கான்" என்றாள். கனகனை அவள் அப்படித்தான் சுருக்கி வைத்திருக்கிறாள். "நான் சொன்னது ஞாபகம் இருக்கட்டும். ஞாயிறு."

"ஓம்" என்று பழக்கத்தில் தமிழிலேயே தலையாட்டினார் கனகன். அவளுக்குப் புரிந்தது.

சனிக்கிழமை காலையில் உப்புக் கட்டையைப் பார்க்கப் போனோம். எனக்கு ஒரு ஆரஞ்சு நிறத் தொப்பியைக் கொடுத்தார். "மரைக்கு இந்த நிறம் தெரியாது. இன்னொரு வேட்டைக்காரனுக்குத் தெரியும்" என்றார். துப்பாக்கிக்கு லைசென்ஸ், வேட்டைக்கு லைசென்ஸ், வீட்டில் துப்பாக்கியை வைக்க இரும்புப் பெட்டி, குண்டுக்குத் தனிப் பூட்டு என்று அவர் அடுக்கிய செலவில் நம்மூரில் கல்யாணமே நடத்திவிடலாம். அரசாங்கக் காட்டில் இப்படி உப்பு வைக்கிற பேச்சே கிடையாதாம். தனியார் நிலம், சொந்தக்காரர் சம்மதம், மரங்களை அழிக்கிற மான் என்பதால் இங்கே வைக்கிறார். அவர் சொன்னதை நான் எழுதுகிறேன். இதை நம்பி வேறு யாரும் மலையேற வேண்டாம்.

வால்நட் தோட்டத்திலிருந்து நன்றாக மேலே, சரிவின் உச்சியில் இருந்தது கட்டை. வேண்டுமென்றேதான் அங்கே வைத்திருந்தார். கன்றுகள் பக்கம் போகிற மானை மேலே இழுத்துவிட வேண்டும் என்பது கணக்கு. கட்டையில் பாதியைக் காணோம், நக்கியும் கடித்தும் மான்கள் குடைந்திருந்தன. பக்கத்து மரத்தில் ஒரு காமிரா கட்டியிருந்தது. அதில் விழுந்த படங்களைக் காட்டினார். பெட்டை மிளாக்கள், குட்டிகள், கொம்பு முளைத்த இளசுகள். கிழட்டு மிளா மட்டும் ஒரு படத்திலும் இல்லை.

"மூண்டு வருசத்தில ஒருக்காலும் இதுக்குக் கிட்ட வரேல்லை. ஆனா கீழ மரத்தைத் தேய்க்குது. இதுக்கு உப்பே தேவையில்லையோ எண்டு நினைக்கிறன்."

நான் கட்டையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தேன். நல்ல சரிவு. மேலே கரிசல் மாதிரி பொலபொலவென்ற மண், விரலால் தோண்டினால் அடியில் வழுவழுவென்று மஞ்சள் களி. மூன்று வருஷ மழை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தம்பி, நீங்க வச்ச இடத்துல உப்பு நிக்கும்னு யாரு சொன்னா?"

"என்ன சொல்லுறியள்?"

"உப்பு தண்ணியோட போகும். தண்ணி எங்க தேங்குதோ அங்கதான் உப்பு. எங்க பாத்தியில நான் காலம்பூரா அதைத்தான பாக்குதேன்."

கட்டைக்குக் கீழே பத்தடி இறங்கி மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துத் துப்பினேன். கரித்தது. இன்னும் கொஞ்சம் இறங்கி, இடதுபக்கம் ஒரு கிள்ளு. சப்பென்றிருந்தது. வலதுபக்கம் கரிப்பு. "அக்கா, அதை வாயில வைக்காதேங்கோ, என்னென்ன பூச்சி கிடக்கோ!" என்று கனகன் பின்னாலேயே அலறிக்கொண்டு வந்தார். நான் கேட்கவில்லை. வேலையில் இறங்கிவிட்டால் எனக்குக் காது கேட்காது. கரிப்பைப் பிடித்துக்கொண்டே பெரணிச் செடிகளுக்குள் குனிந்து இறங்கினேன். உள்ளே எங்கேயோ ஒரு பறவை, ஊரில் உள்ள எல்லாப் பறவையின் குரலிலும் மாறிமாறிக் கூவிக்கொண்டிருந்தது. ஒரே பறவைதான் அத்தனையும் என்று கனகன் பிறகு சொன்னார்.

சரிவு முடிகிற இடத்தில், ஒரு மண்மேட்டுக்கு இந்தப் பக்கம், களிமண் குழி ஒன்று இருந்தது. ஊற்றுக்கசிவு. ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. வாயில் வைக்கவே தேவையில்லை, இருந்தாலும் வைத்தேன். பாகின் இனிப்புகூட லேசாகத் தெரிந்தது. குழி முழுக்க நக்கிய தடம். சேற்றில் பதிந்திருந்த குளம்பில் என் உள்ளங்கையை வைத்தேன், உள்ளே போய்விட்டது.

"இந்தா இருக்காரு உங்க ஆளு" என்றேன்.

கனகனின் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகம் அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார். திரும்பினேன். பத்து எட்டில் வேலி. வேலிக்கு அப்பால் மார்கரெட்டின் வால்நட் கன்றுகள், முறிந்தவையும் முறியாதவையும்.

மேலே இழுக்க வைத்த உப்பு, கீழே ஒழுகி, அந்த மிளாவை அவள் தோட்டத்து வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. உப்பை நக்கிவிட்டுத் தலையைத் தூக்கினால் எதிரில் கன்று. கொம்பு அரிக்காமல் என்ன செய்யும்?

"அவ சொன்னது சரிதான் அக்கா" என்றார் கனகன். குரலே எழும்பவில்லை.

"முதல்ல மிளாவைப் பாருங்க. மத்ததை அப்புறம் பாப்போம்" என்று அதட்டினேன்.

அன்று மாலை குழியைப் பார்த்த சரிவில், காற்று எங்கள் முகத்தில் அடிக்கிற மாதிரி பார்த்து உட்கார்ந்தோம். பேச்சு கிடையாது, இருமல் கிடையாது, கொசுவை அடிக்கக்கூடக் கூடாது. குளிர் ஏறஏறத் தலை வலித்தது. கை தன்னால் இடுப்புப் பைக்குப் போயிற்று. நெற்றியில் இரண்டு இழுப்பு, மூக்குக்குக் கீழே ஒரு இழுப்பு. தலைவலி என்றால் தைலம். நம் கைக்கு அது யோசித்துச் செய்கிற காரியமா? கனகன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்த கலவரத்தைப் பார்த்த பிறகுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது. அந்த நேரம் பார்த்துக் காற்றும் சுழன்றது. பெரணிக்குள்ளிருந்து லாரி ஹார்ன் மாதிரி ஒரே ஒரு சத்தம். அப்புறம் குளம்புகள் மேலே மேலே போய் மறைந்தன.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "மன்னிச்சிருங்க தம்பி, நான் ஒரு கூறுகெட்டவ" என்றேன்.

அவர் துப்பாக்கியிலிருந்து குண்டைக் கழற்றினார். பிறகு, "பரவாயில்லை. வன்னியில என்ர அப்பாவோட போகேக்க நான் பீடி பத்தினனான். அதுக்கு அடி விழுந்தது. நீங்கள் அக்காவாப் போயிட்டியள், அடிக்கேலாது" என்றார். இப்படிப்பட்ட மனுஷனை மாப்பிள்ளையாகக் கொண்டுவந்த தங்கச்சியை அன்றுதான் முழுசாக மெச்சினேன்.

ஞாயிறு விடிவதற்குள், மார்கரெட் வீட்டில் சோப்பில்லாமல் பச்சைத் தண்ணீரில் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். அந்தக் குளிரில்! தைலக் குப்பியை வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தோம். பெரணியைக் கசக்கி உடம்பெல்லாம் தேய்த்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்தோம்.

வெளுக்கத் தொடங்கியதும் மூடுபனிக்குள் குழியின் விளிம்பில் ஒரு கறுப்பு நின்றது. நான் பாறை என்று நினைத்தேன். பாறை காதை அசைத்தது. அப்பப்பா, என்ன உடம்பு! கழுத்தில் சிங்கம் மாதிரி பிடரி, ஒவ்வொரு பக்கமும் மூன்று கிளைக் கொம்பு. உப்பு கேட்டு வந்து நிற்கிற ராஜா. இத்தனை நாள் அதன் மேல் இருந்த கோபமெல்லாம் எனக்குப் போய்விட்டது.

கனகன் படுத்தவாக்கில் துப்பாக்கியைப் பையின் மேல் தாங்கியிருந்தார். சுடவில்லை. அந்த நேரத்தில் ஜெபமாலையில் பத்து மணி உருட்டி முடித்திருக்கலாம். சுடவில்லை. சுடுங்க, சுடுங்க என்று மனசுக்குள் கத்தினேன். அப்புறம்தான் பார்த்தேன். மிளா நின்ற கோட்டுக்கு நேர் பின்னால், மரங்களுக்கு ஊடே, மார்கரெட் வீட்டுத் தகரக் கூரை. தூரம்தான், இருந்தாலும் கூரை. அதற்குள் அவள் டீ போட்டுக்கொண்டிருப்பாள். இதை விட்டால் நிலம் போச்சு, சாவி போச்சு. அந்த மனுஷன் விரலை விசைக்கு வெளியிலேயே நீட்டிவைத்திருந்தார்.

மிளா முகர்ந்தது. சுற்றிலும் பார்த்தது. இரண்டு எட்டு முன்னால் வைத்துக் குழிக்குள் இறங்கித் தலையைத் தாழ்த்தியது. இப்போது அதற்குப் பின்னால் மண்மேடு மட்டும்தான். நக்குகிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஒரே வெடி. அது நின்ற இடத்திலேயே மடங்கி விழுந்தது.

கனகன் உடனே எழுந்து ஓடவில்லை. பொறுத்திருந்து, பிறகு போய், பக்கத்தில் முழங்காலிட்டு அதன் கழுத்தில் கையை வைத்தார். கண் கலங்கியிருந்தது. இரண்டு மணி நேரம் வேலை செய்தார், ஒரு துண்டு வீணாக்கவில்லை. கறியைத் துணிப்பைகளில் கட்டி மரத்தில் தொங்கவிட்டார். நம்மூர் கறிக்கடை பாயே வந்தாலும் கைகட்டி நின்று பார்த்திருப்பார்.

சத்தம் கேட்டு மார்கரெட் சின்ன வண்டியில் ஏறி வந்தாள். கொம்பைப் பார்த்தாள், கனகனின் தோளில் ஒரு அடி அடித்தாள். "நீதான்டா ஆளு, கான்! சாவி உன்னிடமே இருக்கட்டும்" என்றாள்.

அப்பாடா என்றிருந்தது. கனகன் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"வாயை மூடிக்கிட்டு இருங்க தம்பி" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. "அதான் முடிஞ்சுபோச்சுல்லா. உப்பைப் பிறகு நைசா எடுத்துருவோம்."

"ஏலாது அக்கா. அவ நம்பித் தந்தவ."

குழியைக் காட்டினார். மேலே கட்டையைக் காட்டினார். உப்பு எப்படி இறங்கியது என்று கையால் சரிவில் ஒரு கோடு இழுத்தார். "நீங்கள் சொன்னது சரி. நான்தான் அதை இங்கே கொண்டுவந்தேன்" என்று அவளுக்கு இங்கிலீஷில் சொன்னார்.

மார்கரெட் வேலியருகே போய் நின்று கன்றுகளைப் பார்த்தாள். நிறைய நேரம். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். பின்னாலேயே கறியைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தோம். கதவு சாத்தியிருந்தது. கனகன் சாவிக்கொத்தைப் பிரித்து, அந்த ஒரு சாவியை மட்டும் கழற்றி, வாசல் மேசையில் வைத்தார். எனக்கு அவர் மேல் கோபம், அவள் மேல் கோபம், மண்ணை நக்கிய என் நாக்கின் மேலும் கோபம்.

நாங்கள் கறியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. மார்கரெட் மூன்று மண்வெட்டிகளோடு வந்தாள்.

"முதலில் அந்தச் சேற்றை முழுக்கத் தோண்டி எடு. கட்டையையும்தான்" என்று கனகனிடம் சொன்னாள். பிறகு என்னை நோக்கித் தாடையை நீட்டினாள். "அப்புறம், உப்பை எங்கே வைத்தால் அங்கேயே நிற்கும் என்று இவளைக் கேள்."

மத்தியானம்வரை தோண்டினோம். மார்கரெட்டும் தோண்டினாள். உப்புச் சேற்றையும் கட்டையையும் மாட்டுப்பட்டியில் கொண்டுபோய்ப் போட்டாள், மாடுகள் நக்கட்டும் என்று. கன்றுகளுக்கு எட்டாத தூரத்தில், ஓடைக்கு அந்தப் பக்கம், நாலு புறமும் மேடாக, நடுவில் களி பரந்த ஒரு தட்டையான இடத்தைக் கண்டுபிடித்தேன். நல்ல பாத்தி. மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினேன். மார்கரெட்டும் குனிந்து ஒரு கிள்ளு எடுத்து வாயில் வைத்து, முகத்தைச் சுளித்து, "எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று துப்பினாள். கனகன் அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

என் டப்பாவைத் திறந்து தூத்துக்குடிக் கல்லுப்பை அந்தக் களியில் கொட்டப் போனேன். மார்கரெட் என் கையைப் பிடித்தாள். ஒரு கல்லை வாயில் போட்டுச் சப்பினாள். டப்பாவை என்னிடமிருந்து வாங்கி, பாதியை மட்டும் களியில் கொட்டிவிட்டு மூடிக்கொண்டாள். "மீதி என் முட்டைக்கு" என்றாள்.

வண்டியைக் கிளப்பும்போது மேசை மேல் சாவி அப்படியே கிடந்தது. கனகன் அதைப் பார்க்காத மாதிரி பின்னால் பார்த்து வண்டியை எடுத்தார். மார்கரெட் படியில் நின்று கத்தினாள்.

"சாவியில்லாமல் கேட்டை எப்படிப் பூட்டுவாய், கான்? என் மாடெல்லாம் ரோட்டுக்குப் போகட்டும் என்றா?"

கனகன் இறங்கிப் போய் எடுத்துக்கொண்டு வந்தார். கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, இறங்கி, சங்கிலியைச் சுற்றிப் பூட்டினார். வந்து உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். பிறகு பெல்ட்டைக் கழற்றி, மறுபடி இறங்கிப் போய், பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.